நாற்றத்தை விரட்டிய என்ஜினீயர்

வீட்டு ஜலதாரை அடைத்துக் கொண்டால் வீடே அல்லோலகல்லோலப்படும். முற்றத்தில் தண்ணீர் தேங்கும். மூக்கைப் பிடிக்க வேண்டியிருக்கும். உடனே ஒரு மூங்கில் குச்சியோ நீளமான கம்பியோ வரும். ஒருவர் குத்துவார், இன்னொருவர் குடம் குடமாகத் தண்ணீர் கொட்டுவார். கடகடவென்று சத்தம் கேட்டுத் தண்ணீர் இறங்கினால்தான் எல்லோருக்கும் மூச்சு வரும்.

ஒரு வீட்டுச் சாக்கடைக்கே இந்தப் பாடு. 25 லட்சம் ஜனங்கள் வாழும் ஒரு பெரிய நகரத்தின் சாக்கடை முழுவதும் அடைத்துக் கொண்டால்? அதை எந்தக் குச்சியால் குத்துவது?

லண்டன் நகரம் அப்படித்தான் அடைத்துக் கொண்டு கிடந்தது. உலகத்திலேயே பணக்கார நகரம் என்று பெயர் வாங்கிய ஊர். விக்டோரியா மகாராணி அரசாண்ட ஊர். அந்த ஊரின் நடுவே ஓடிய தேம்ஸ் நதி, 1850ம் ஆண்டு வாக்கில் ஒரு பெரிய திறந்த சாக்கடையாக இருந்தது. அதே நதியில்தான் பல பேர் குடிதண்ணீரும் எடுத்தார்கள்!

அந்த அடைப்பை எடுத்தவர் ஜோசப் பேசல்ஜெட் என்ற என்ஜினீயர். உருவத்தில் சிறியவர். உடல் பலமும் அதிகம் கிடையாது. ஆனால் அவர் பூமிக்கு அடியில் கட்டி வைத்தது இன்றும் வேலை செய்து கொண்டிருக்கிறது.

தையற்காரர் பேரன்

பேசல்ஜெட் என்பது ஆங்கிலேயப் பெயர் அல்ல, பிரெஞ்சுப் பெயர். ஜோசப்பின் பாட்டனார் பிரான்சு தேசத்திலிருந்து பிழைப்புத் தேடி இங்கிலாந்து வந்தவர். தையல் தொழிலில் கெட்டிக்காரர். பின்னாளில் 4வது ஜார்ஜ் மன்னரான இளவரசருக்கு உடை தைத்துக் கொடுத்தே பெரும் பணக்காரர் ஆனார். அவருடைய மகன் இங்கிலாந்தின் கடற்படையில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தக் கடற்படை அதிகாரியின் மகன்தான் ஜோசப். லண்டனுக்கு வடக்கே என்பீல்டு என்ற ஊரில் 1819ம் ஆண்டு மார்ச்சு 28ந் தேதி பிறந்தார்.

அந்தக் காலத்தில் என்ஜினீயர் ஆக விரும்புகிற பையனை ஒரு பெரிய என்ஜினீயரிடம் கொண்டுபோய் விடுவார்கள். அவர் கூடவே இருந்து வேலை கற்க வேண்டும். ஜோசப்புக்கு 17 வயதானதும் சர் ஜான் மக்நீல் என்பவரிடம் சேர்ந்தார். அயர்லாந்தில் நீர் தேங்கிய நிலங்களை வடித்து எடுக்கும் வேலையில் அவருக்கு நல்ல பழக்கம் ஏற்பட்டது. தண்ணீரை எந்தச் சரிவில் விட்டால் ஓடும், எங்கே நிற்கும், எங்கே சேறு தங்கும் என்பதை அங்கேதான் படித்தார். இந்தப் பாடம் பிறகு ஒரு நகரத்துக்கே உதவியது.

1842ல் லண்டனில் சொந்தமாகத் தொழில் தொடங்கினார். 1845ல் திருமணம் நடந்தது. மனைவி பெயர் மரியா. பிற்காலத்தில் பிள்ளைகளும் பெண்களுமாகப் பெரிய குடும்பம்.

அப்போது இங்கிலாந்தில் ரெயில் பாதை போடும் பைத்தியம் பிடித்திருந்தது. யாரைப் பார்த்தாலும் ரெயில் கம்பெனி பேச்சுதான். என்ஜினீயர்களுக்கு இராப்பகலாக வேலை. பேசல்ஜெட்டும் ஓய்வில்லாமல் உழைத்தார். 1847ல் உடல் நொறுங்கிவிட்டது. தொழிலை விட்டுவிட்டுக் கிராமப்புறத்தில் படுத்துக் கிடந்தார். 28 வயதிலேயே அவர் கதை முடிந்துவிட்டது என்று நினைத்திருந்தாலும் தவறில்லை.

ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்து எழுந்து நடமாடினார். 1849ல் லண்டன் சாக்கடைக் கமிஷனில் உதவி சர்வேயர் வேலை கிடைத்தது. மற்ற என்ஜினீயர்கள் ரெயிலையும் பாலத்தையும் கட்டிப் புகழ் பெறும்போது இவருக்குக் கிடைத்தது சாக்கடை!

வீட்டுக்கு வீடு குழி

அந்த நாளில் லண்டனில் வீட்டுக் கழிவு எங்கே போயிற்று?

வீட்டுக்குக் கீழேயோ கொல்லையிலோ செங்கல் வைத்து ஒரு குழி கட்டியிருப்பார்கள். கழிவெல்லாம் அதில் விழும். குழி நிறைந்தால் இரவு நேரத்தில் ஆட்கள் வருவார்கள். வாளியும் கயிறும்தான் அவர்கள் ஆயுதம். இறங்கி அள்ளி, வண்டியில் ஏற்றி, ஊருக்கு வெளியே கொண்டு போய் வயலுக்கு எருவாக விற்பார்கள். இப்படி ஏறத்தாழ 2 லட்சம் குழிகள் லண்டனில் இருந்தன. குழியில் இறங்கியவர்களில் ஒருவர் பெயர்கூடச் சரித்திரப் புத்தகத்தில் ஏறவில்லை.

ஊர் பெருகப் பெருக வயல்கள் தூரம் போயின. வண்டிக் கூலி ஏறியது. கூலி கொடுக்க முடியாதவர்கள் குழியை நிறையவிட்டு வழிய விட்டார்கள்.

இந்தச் சமயத்தில்தான் தண்ணீர் விட்டுக் கழுவும் புதுமாதிரிக் கக்கூசு வந்தது. 1851ல் லண்டனில் நடந்த மகா பொருட்காட்சியில் அதை வைத்தார்கள். ஒரு பென்னி காசு கொடுத்து 8 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் அதை உபயோகித்தார்கள்! வீடு திரும்பியதும் வசதி உள்ளவர்களுக்கு அதே மாதிரி வேண்டும் என்று ஆசை வந்தது.

சங்கிலியை இழுத்தால் அழுக்கு மறைந்துவிடுகிறது. ஆனால் மறைந்த அழுக்கு எங்கே போகும்? கூடவே போகும் அத்தனை தண்ணீர் எங்கே போகும்? பழைய குழிகள் தாங்கவில்லை. ஏற்கனவே 1840களின் கடைசியில் அதிகாரிகள் ஒரு கட்டளை பிறப்பித்திருந்தார்கள். குழிகளை மூடுங்கள், வீட்டுக் குழாயைத் தெருச் சாக்கடையோடு சேருங்கள் என்பது கட்டளை. சுமார் 6 ஆண்டுகளில் 30 ஆயிரம் குழிகள் மூடப்பட்டன.

வீடுகள் சுத்தமாயின. ஆனால் அந்தத் தெருச் சாக்கடைகள் மழைத் தண்ணீருக்காகக் கட்டியவை. அவை எல்லாம் நேராகத் தேம்ஸ் நதியில் போய் விழுந்தன.

ஒரு வீட்டின் அடைப்பு, 600 உயிர்

காலரா என்னும் வாந்திபேதி 1832ல் முதன்முதலாக லண்டனுக்கு வந்தது. 1848, 1849ல் மறுபடி வந்து 14 ஆயிரம் பேரைக் கொண்டு போயிற்று. 1853, 1854ல் மூன்றாவது தடவை; அப்போது 10 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள்.

1854 ஆகஸ்டு கடைசியில் பிராட் தெரு என்ற இடத்தில் ஒரு பயங்கரம் நடந்தது. பத்துப் பதினைந்து நாட்களில் அந்தத் தெருவையும் சுற்றுப்புறத்தையும் காலரா சூறையாடியது. 600 பேருக்கு மேல் இறந்தார்கள். ஜான் ஸ்னோ என்ற டாக்டர் வீடு வீடாகப் போய் விசாரித்தார். இறந்தவர்களில் பெரும்பாலோர் அந்தத் தெருவிலிருந்த ஒரு கைப்பம்புத் தண்ணீரைக் குடித்தவர்கள் என்று கண்டார். அவர் சொன்னதன் பேரில் செப்டம்பர் 8ந் தேதி பம்பின் கைப்பிடியைக் கழற்றிவிட்டார்கள்.

பம்புக் கிணற்றில் விஷம் கலந்தது எப்படி? மறு ஆண்டு தோண்டிப் பார்த்தபோது விடை கிடைத்தது. கிணற்றை ஒட்டினாற்போல் ஒரு வீடு. அந்த வீட்டில் ஒரு கைக்குழந்தைக்கு வயிற்றுப்போக்கு கண்டு இறந்திருந்தது. குழந்தையின் துணிகளை அலசிய தண்ணீரை வீட்டுக் குழியில் ஊற்றியிருக்கிறார்கள். குழியிலிருந்து சாக்கடைக்குப் போக வேண்டிய வழி சரியாக அமைக்கப்படாமல் தடைபட்டுக் கிடந்தது. குழியின் செங்கற்களும் இற்றுப்போயிருந்தன. கையால் இழுத்தாலே கல் வந்தது. குழிக்கும் கிணற்றுக்கும் நடுவே 3 அடி மண்கூட இல்லை! போக வழியில்லாத அழுக்கு, மண் வழியாகக் கசிந்து கிணற்றில் இறங்கிவிட்டது.

ஒரே ஒரு வீட்டுச் சாக்கடை சரியாக ஓடாததன் பலன் இது.

ஆனால் டாக்டர் ஸ்னோவைப் பெரிய மனிதர்கள் நம்பவில்லை. நோய் பரவுவது நாற்றத்தினால் என்பதே அன்றைய படித்தவர்களின் எண்ணம். கெட்ட காற்றை மூச்சில் இழுத்தால் காலரா வரும் என்றார்கள். பேசல்ஜெட்டும் அந்தக் காலத்து மனிதர்தான். நாற்றத்தை ஒழித்தால் நோய் ஒழியும் என்ற எண்ணத்தோடுதான் அவரும் வேலை செய்தார். காரணம் தவறு, ஆனால் செய்த வேலை சரியான வேலை. சாக்கடையைத் தண்ணீரிலிருந்து பிரித்ததும் இரண்டும் சேர்ந்தே போயின. சரித்திரத்தில் இப்படியும் வேடிக்கைகள் உண்டு.

அடைத்துக் கொண்ட நகரம்

1852ல் கமிஷனின் தலைமை என்ஜினீயர் பிராங்க் பாஸ்டர் காலமானார். அந்த இடம் பேசல்ஜெட்டுக்கு வந்தது. 1856ல் கமிஷனைக் கலைத்துவிட்டு, நகரம் முழுவதற்கும் ஒரு மராமத்து போர்டு ஏற்படுத்தினார்கள். அதன் தலைமை என்ஜினீயராகவும் பேசல்ஜெட்டே நியமனம் பெற்றார். புரூனல், ராபர்ட் ஸ்டீவன்சன் போன்ற பேர்போன என்ஜினீயர்கள் அவருக்காகப் பரிந்து பேசினார்கள்.

லண்டன் சாக்கடைகளை அவர் நன்றாக அறிந்திருந்தார். முன்பு நகரத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு கமிஷன். ஒருவர் செய்தது மற்றவருக்குத் தெரியாது. ஒரு பகுதியில் பெரிய சாக்கடை. அது அடுத்த பகுதியில் சிறிய சாக்கடைக்குள் போய் நுழையும்! பல சாக்கடைகளுக்கு அடித்தளம் தட்டை. தட்டையான தரையில் கொஞ்சம் தண்ணீர் ஓடினால் அது பரந்து, மெலிந்து, வேகம் இழந்துவிடும். கனமான அழுக்கெல்லாம் அங்கேயே படியும். படிந்தது இறுகும். பிறகு ஆள் இறங்கி வெட்டி வாளியில் தூக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய அடைப்பு வேறு. தேம்ஸ் நதியில் கடல் ஏற்றம் உண்டு. நாளைக்கு இருமுறை கடல் நீர் ஏறும், இருமுறை இறங்கும். நதிக்குத் தென்புறம் தாழ்ந்த பூமி. ஏற்றம் வந்தால் நதியின் மட்டம் அங்குள்ள தெருக்களைவிட உயர்ந்துவிடும். சாக்கடை வாய்கள் எல்லாம் நீருக்குள் மூழ்கி மூடிக்கொள்ளும். உள்ளே வருகிற கழிவு வெளியே போக முடியாமல் தேங்கும். மழையும் சேர்ந்துகொண்டால் பின்னால் ஏறி வந்து வீட்டு நிலவறைகளில் நிற்கும். நீர் வற்றும்போது கழிவு நதியில் இறங்கும். அடுத்த ஏற்றம் அதையே நகரத்துக்குள் மேலே தள்ளிக்கொண்டு வரும். போனது திரும்பி வரும், மறுபடி போகும், மறுபடி வரும்.

பேசல்ஜெட்டின் திட்டம் கேட்பதற்கு எளிது. பழைய சாக்கடைகள் வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் நதியை நோக்கி ஓடுகின்றன. நதியைத் தொடும் முன்பே அவற்றைக் குறுக்கே மறிக்க வேண்டும். மேற்கிலிருந்து கிழக்காகப் பெரிய கால்வாய்களைப் பூமிக்கு அடியில் கட்டி, எல்லாக் கழிவையும் அவற்றில் விழச் செய்ய வேண்டும். நகரத்துக்குக் கிழக்கே வெகுதூரம் கொண்டு போய், நீர் வற்றத் தொடங்கும் நேரம் பார்த்து நதியில் விட்டால் அது கடலுக்குப் போய்விடும், திரும்பி வராது.

திட்டம் தயார். ஆனால் மேலிடத்து அனுமதி வேண்டுமே! மராமத்து மந்திரி சர் பெஞ்சமின் ஹால் ஒப்பவில்லை. கழிவை வெளியே விடும் இடம் போதுமான தூரத்தில் இல்லை என்றார். இன்னும் தூரம் போனால் செலவு ஏறும். அந்தச் செலவு யார் தலையில்? கடிதம் போயிற்று, பதில் வந்தது. நிபுணர் குழு வந்தது. மாற்றித் திருத்தி மறுபடி அனுப்பினார். இரண்டு ஆண்டு ஓடியது. திட்டம் காகிதமாகவே கிடந்தது.

மூக்கைத் துளைத்த கோடை

1858 ஜூன் மாதம். லண்டனில் என்றும் இல்லாத வெயில். நதி வற்றியது. இரு கரையிலும் பல வருஷத்து அழுக்கு வெயிலில் காய்ந்து கொதித்தது. எழுந்த நாற்றம் நகரத்தையே கலக்கியது.

பார்லிமெண்டு மாளிகை நதிக்கரையில் இருக்கிறது. அதன் ஜன்னல்கள் நதியைப் பார்த்தவை. ஜன்னல் திரைகளை மருந்துச் சுண்ணாம்பு நீரில் நனைத்துத் தொங்க விட்டார்கள். ஒன்றும் பயன் இல்லை. கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக் கொண்டு அங்கத்தினர்கள் அறையை விட்டு ஓடினார்கள். பார்லிமெண்டை வேறு ஊருக்கு மாற்றலாமா என்றுகூட யோசனை நடந்தது. சேரிகளில் ஏழைகள் வருஷக்கணக்காகச் சுவாசித்த அதே காற்றுதான்! அது மந்திரிகளின் மூக்குக்கு வந்த பிறகு காரியம் வேகம் பிடித்தது.

அந்த ஜூன் மாதத்திலேயே, 16ந் தேதி, டாக்டர் ஸ்னோ இறந்து போனார். வயது 45தான். தாம் சொன்னது உண்மை என்று உலகம் ஒப்புக்கொண்டதை அவர் பார்க்கவில்லை.

நிதி மந்திரி டிஸ்ரேலி ஜூலை 15ந் தேதி ஒரு மசோதாவைக் கொண்டு வந்தார். ஆகஸ்டு 2ந் தேதி அது சட்டம் ஆகிவிட்டது. ஆண்டுக்கணக்கில் நகராத வேலை 18 நாளில் முடிந்தது! 30 லட்சம் பவுன் கடன் வாங்கவும், இடத்தைத் தானே தீர்மானித்துக் கட்டவும் போர்டுக்கு அதிகாரம் கிடைத்தது. 39 வயதான பேசல்ஜெட் சட்டைக் கையைச் சுருட்டிக் கொண்டார்.

தானே கழுவிக்கொள்ளும் சாக்கடை

1859ல் வேலை தொடங்கியது. நதிக்கு வடக்கே மேடு, நடு, பள்ளம் என்று மூன்று மட்டத்தில் கால்வாய்கள். தெற்கேயும் அதே முறையில் கால்வாய்கள். மறிக்கும் பெரிய கால்வாய்களின் நீளம் மட்டும் 82 மைல். அவற்றுக்குத் தோண்டிய மண் 35 லட்சம் கன கெஜம். செங்கல் 31 கோடியே 80 லட்சம்! லண்டனைச் சுற்றிச் செங்கல் விலை ஏறியது. கொத்தனார் கூலியும் ஏறியது.

இத்தனை பெரிய சாக்கடை நாளைக்கு அடைத்துக் கொண்டால் என்ன ஆகும்? 82 மைல் நீளத்துக்கு ஆள் இறங்கிக் குத்திக் கொண்டிருக்க முடியுமா? அதனால் அடைப்பு எடுக்கும் வேலையைத் தண்ணீரிடமே விட்டுவிட்டார் பேசல்ஜெட்.

முதலாவது, சரிவு. மைலுக்கு 2 அடியாவது தாழ்வு வைத்தார். கண்ணால் பார்த்தால் தெரியாத சரிவு. ஆனால் தண்ணீருக்குத் தெரியும். பாதி நிறைந்து ஓடும்போது மணிக்கு ஒன்றரை மைல் வேகம் இருந்தால் போதும், அழுக்குப் படியாது என்று கணக்குப் போட்டார். ஒன்றரை மைல் என்பது சின்னக் குழந்தை தளர்நடை போடும் வேகம்தான். அதற்குக் குறைந்தால் படியத் தொடங்கிவிடும்.

இரண்டாவது, வடிவம். பெரிய கால்வாய்கள் பலவற்றை வட்டமாகக் கட்டினார். தண்ணீர் ஒரு நேரம் அதிகமாகவும் ஒரு நேரம் குறைவாகவும் வரும் சாக்கடைகளுக்கு முட்டை வடிவம். முட்டையின் கூர்ப்பக்கம் கீழே, அகலப் பக்கம் மேலே. தண்ணீர் கொஞ்சமாக வந்தாலும் குறுகலான அடிப்பாகத்தில் ஒடுங்கி ஆழமாக ஓடும். ஆகையால் வேகம் குறையாது. மழை வந்து தண்ணீர் பெருகினால் மேலே அகலமான இடம் இருக்கிறது. இந்த முட்டை வடிவம் அவர் கண்டுபிடித்தது அல்ல. 1840களிலேயே லண்டனில் சிலர் கட்டிப் பார்த்திருந்தார்கள். நல்லது என்று தெரிந்ததைத் தயங்காமல் எடுத்துக் கொண்டார்.

மூன்றாவது, சிமெண்டு. போர்ட்லாண்டு சிமெண்டு என்ற புதுச் சரக்கு அப்போது அவ்வளவு பழக்கத்தில் இல்லை. சரியாகத் தயாரிக்காவிட்டால் காலை வாரிவிடும். ஆனால் நல்ல சரக்காக இருந்தால் தண்ணீருக்குள் இருக்க இருக்க இறுகும். பேசல்ஜெட் துணிந்து அதை எடுத்தார். கூடவே ஒரு கண்டிப்பான விதி போட்டார். வருகிற சிமெண்டைச் சோதித்துப் பார்த்துத் தேறினால்தான் கட்டடத்தில் சேர்க்கலாம். தேறாததைத் திருப்பி அனுப்பினார். அவருடைய சுவர்கள் இன்றும் நிற்பதற்கு இந்தக் கண்டிப்பு ஒரு முக்கிய காரணம்.

பள்ளத்தில் ஓடி வந்த கழிவை மேலே தூக்கிவிட நீராவி எஞ்சின்கள் வேண்டும். தெற்கே டெப்ட்போர்டு, கிராஸ்நெஸ் என்ற இடங்களிலும், வடக்கே அபே மில்ஸ் என்ற இடத்திலும் பம்பு நிலையங்கள் எழும்பின. அபே மில்ஸ் எஞ்சின்கள் கழிவை 36 அடி உயரத்துக்குத் தூக்கின. வெளியே இருந்து பார்த்தால் அரண்மனையோ கோயிலோ என்று தோன்றும். சாக்கடை வேலைதானே என்று அவர் எதையும் அலட்சியமாகக் கட்டவில்லை.

கிராஸ்நெஸ் நிலையத்தை 1865 ஏப்ரல் 4ந் தேதி வேல்ஸ் இளவரசர் திறந்து வைத்தார். நான்கு பெரிய எஞ்சின்களுக்கு மகாராணியின் பெயரும் அவர் குடும்பத்தார் பெயரும். பட்டும் பதக்கமுமாகப் பிரபுக்கள் வந்திருந்தார்கள். விருந்தும் அங்கேயே நடந்தது!

கடைசிக் காலரா

1866ல் காலரா நான்காவது முறை லண்டனுக்கு வந்தது. இந்தத் தடவை ஒரு விநோதம். நகரத்தின் பெரும்பகுதியை அது தொடவில்லை. கிழக்குப் பகுதியில் மட்டும் பாய்ந்தது. மொத்தம் 5,596 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் கிழக்குப் பகுதி ஏழைகள்.

அந்தப் பகுதியில்தான் பேசல்ஜெட்டின் வேலை இன்னும் முடியாமல் இருந்தது! அங்கே தண்ணீர் கொடுத்த கம்பெனியின் மூடாத குளத்தில் சாக்கடை நீர் கசிந்து கலந்திருந்ததும் தெரிய வந்தது. இனியும் காற்றின் மேல் பழி போட முடியவில்லை. டாக்டர் ஸ்னோ சொன்னது சரி என்று மற்றவர்கள் ஒப்புக்கொண்டார்கள்.

அபே மில்ஸ் நிலையம் 1868ல் ஓடத் தொடங்கியது. அதன் பிறகு லண்டனில் காலரா கொள்ளைநோயாகப் பரவவே இல்லை.

நதிக்கரை வேலையும் அவருடையதே. பள்ளத்துக் கால்வாயைக் கொண்டு போகக் கடைத்தெருக்களைத் தோண்டினால் வியாபாரம் நின்றுவிடும். அதனால் நதியின் ஓரத்தையே மண் போட்டு நிரப்பிக் கருங்கல் சுவர் எழுப்பினார். அதற்குள் கழிவுக் கால்வாய், தண்ணீர்க் குழாய், காஸ் குழாய், பாதாள ரெயில். மேலே அகலமான சாலை, மரங்கள், பூங்கா. விக்டோரியா கரைச்சாலை 1870ல் திறந்தது. இன்று அங்கே காற்று வாங்குகிறவர்களில் எத்தனை பேருக்குக் காலடியில் ஓடுவது இன்னதென்று தெரியும்?

1875ல் மகாராணி அவருக்குச் சர் பட்டம் அளித்தார்.

ஒரு கரும்புள்ளி

அவர் செய்ததில் குறையே இல்லை என்று சொல்ல முடியாது. கழிவை நகரத்திலிருந்து அகற்றினாரே தவிர, சுத்தம் செய்யவில்லை. அப்படியே நதியில் கொட்டினார். கிழக்கே நதிக்கரையில் இருந்தவர்களுக்கு நாற்றம் போயிற்றா என்ன?

1878 செப்டம்பர் 3ந் தேதி இரவு, பிரின்சஸ் ஆலிஸ் என்ற உல்லாசப் படகை ஒரு நிலக்கரிக் கப்பல் மோதியது. பெண்களும் குழந்தைகளுமாக 600 பேருக்கு மேல் மடிந்தார்கள். விபத்து நடந்தது கழிவு வெளியேறும் இடத்துக்கு அருகில். சற்று முன்புதான் இரு பக்க மதகுகளும் திறந்து விடப்பட்டிருந்தன. நீந்தத் தெரிந்தவர்களும் அந்தத் தண்ணீரில் தப்பவில்லை என்று நாடெங்கும் கொதிப்பு ஏற்பட்டது.

விசாரணைக் குழுக்கள் அமைந்தன. பேசல்ஜெட் முதலில் தம் முறையை விட்டுக் கொடுக்காமல் வாதாடினார். ஆனாலும் மருந்து சேர்த்துக் கழிவில் உள்ள மண்டியைப் பிரித்தெடுக்கும் ஏற்பாடு வந்தது. 1887 முதல் அந்த மண்டியைக் கப்பலில் ஏற்றிக் கடலில் கொட்டினார்கள். முதல் கப்பலுக்குப் பேசல்ஜெட் என்றே பெயர் வைத்தார்கள்! கடலில் கொட்டும் வழக்கம் 1998 வரை நீடித்தது.

வீட்டுக்குள் அடைப்பு வந்தால் மட்டும் பழைய வைத்தியம்தான். மலாக்காப் பிரம்புகளைப் பித்தளைப் பூண் போட்டு ஒன்றோடொன்று திருகி, நீளமான கோலாக்கி, குழாய்க்குள் விட்டுக் குத்துவார்கள். வீட்டிலிருந்து தெரு வரைக்கும் உள்ள அந்தச் சில கெஜ தூரத்துக்கு எந்தப் பெரிய என்ஜினீயரும் வரமாட்டார் அல்லவா?

கடைசி நாட்கள்

புட்னி, ஹாமர்ஸ்மித், பேட்டர்சி என்ற இடங்களில் தேம்ஸ் மீது பாலங்களும் அவர் அமைத்தார். சேரிகளை ஊடுருவிப் புதிய சாலைகள் போட்டார். என்ஜினீயர்கள் சங்கத்துக்குத் தலைவராக இருந்தார். 1880களில் மராமத்து போர்டில் லஞ்சப் புகார்கள் கிளம்பின. கோடிக்கணக்கான செங்கல்லும் லட்சக்கணக்கான பவுனும் புரண்ட அலுவலகத்தில் 33 ஆண்டு தலைமை என்ஜினீயராக இருந்த பேசல்ஜெட்டின் பெயரில் அழுக்குப் படவில்லை. 1889ல் போர்டு கலைக்கப்பட்டதும் ஓய்வு பெற்றார்.

1891 மார்ச்சு 15ந் தேதி விம்பிள்டனில் தம் வீட்டில் காலமானார். இன்னும் 13 நாள் இருந்திருந்தால் 72 வயது நிறைந்திருக்கும்.

மறு ஆண்டு, 1892ல், ஜெர்மனியின் ஹாம்பர்க் துறைமுகத்தில் காலரா புகுந்தது. ஆற்றுத் தண்ணீரை வடிகட்டாமல் குடித்த நகரம் அது. 8 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். ஹாம்பர்க்கிலிருந்து லண்டனுக்கு ஓயாமல் கப்பல்கள் வந்து கொண்டிருந்தன. லண்டனில் கொள்ளைநோய் பரவவில்லை.

லண்டன் ஜனத்தொகை பின்னால் பலமடங்கு பெருகிவிட்டது. பெருமழை பெய்தால் பேசல்ஜெட்டின் கால்வாய்கள் நிரம்பி, கழிவு மறுபடி நதியில் வழியத் தொடங்கியது. அதைத் தாங்க 25 கிலோமீட்டர் நீளத்தில் புதிய சுரங்கக் கால்வாய் ஒன்று தோண்டினார்கள். 2025ல் அதன் இணைப்புகள் முடிந்தன. புதியதைக் கட்டினார்களே ஒழியப் பழையதை இடிக்கவில்லை. புதிய கால்வாயும் தன் கழிவைக் கொண்டு போய்ச் சேர்க்கும் இடம் அபே மில்ஸ்தான்.

விக்டோரியா கரைச்சாலையில் நதிச் சுவரை ஒட்டி அவருடைய வெண்கல முகம் பதித்திருக்கிறது. வழுக்கைத் தலை, பெரிய மீசை. அந்தச் சாலைக்கு அடியில், மண்ணும் செங்கல்லும் தாண்டி, இரவும் பகலும் கிழக்கு நோக்கி ஓடிக் கொண்டிருக்கிறது லண்டனின் சாக்கடை.